மனைவி வழி வந்த கல்லறை

ராஜமணியின் மனைவிக்கு ஒரு கல்லறை சொத்தாகக் கிடைத்த செய்தி எட்டியதும், அவருடைய கடனைச் சீர்படுத்திக்கொண்டிருந்த சங்கத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். ராஜமணிக்கும் ஒன்று கிடைத்தது. லட்டுச் செலவு பிற்பாடு அவருடைய கணக்கிலேயே ஏற்றப்பட்டது.

ராஜமணி திருவனந்தபுரத்தில் ‘சாலை’ என்று அழைக்கப்படும் கடைத்தெருவான சாலைக் கம்போளத்தின் உள்சந்து ஒன்றில் பாத்திர வாடகைக் கடை வைத்திருப்பவர். ஆயிரம் பேருக்குச் சாம்பார் கொதிக்கும் அண்டா, பாயசம் கிண்டும் வெண்கல உருளி, துடுப்பு போன்ற கரண்டிகள், அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் அவரிடம் உண்டு. கோவிட் காலத்தில் கல்யாணத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு வந்தது. இருபது பேருக்கு வீட்டுக் குக்கர் போதும். அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. கடை வாடகைக்காக ஓரிடத்தில் கடன் வாங்கினார். அதன் வட்டிக்கு இன்னோரிடத்தில் வாங்கினார். அதை அடைக்க மூன்றாவது இடத்துக்குப் போனார். நோய் போய்க் கல்யாணங்கள் பழையபடி களைகட்டியபோது, காலையில் கடைக்கு முதலில் வருகிறவர்கள் கடன் கொடுத்தவர்கள்தான் என்றாகிவிட்டது.

அப்போதுதான் அனந்தபுரி சிறுவணிகர் கடன் சீரமைப்பு சஹகரண சங்கம் என்ற கூட்டுறவு அமைப்பு அவரைக் கைதூக்கிவிட முன்வந்தது. ஏற்பாடு எளிமையானது. சங்கம் எல்லாக் கடன்காரர்களிடமும் பேசி அவர்களை அடக்கிவைக்கும். ராஜமணி வீட்டு வாடகை, அரிசி, மருந்து போக மிஞ்சுவதை ஐந்து வருஷம் மாதாமாதம் சங்கத்தில் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு பாக்கி தள்ளுபடி. இடையில் ஏற்பாடு முறிந்தால் அண்டா முதல் கரண்டி வரை ஏலத்துக்குப் போகும்.

சங்கத்தின் ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. படியேறியதும் எதிர்ச்சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: ‘கடன்பட்டவரின் கண்ணீரே எங்கள் மூலதனம்.’ மாதத்தின் முதல் சனிக்கிழமை பயனாளிகள் எல்லோரும் அதன் கீழே வரிசையாக நின்று, வலது கையை நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டும். “என் கடன் என்னால் வந்தது. என் மீட்சி சங்கத்தால் வருகிறது. என் வீட்டில் ஒரு தேங்காய் கூடுதலாக விழுந்தாலும் அதைச் சங்கத்துக்குத் தெரிவிப்பேன்.”

இது வெறும் பேச்சல்ல. போன வருஷம் ஓர் இஸ்திரிக்காரர், மாமியார் கொடுத்த கோழியைத் தெரிவிக்காமல் விட்டுவிட்டார். முட்டைக் கணக்குப் பார்க்க ஒரு துணைக்குழு அமைத்தார்கள். கோழி குழம்பான பிறகும் துணைக்குழு கலையவில்லை.

ராஜமணியின் மனைவி ஜெஸ்லின் சாலையிலேயே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். அவளுடைய அப்பாவின் அக்கா லீலாபாய், பாறசாலையில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். தான் டியூட்டி முடிந்து போன பிறகு மற்றவர்கள் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே உயிரோடு இருக்கும்போதே, குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தில் தன் பங்குக்கு வந்த அரை சென்டில், கூடவே நின்று தன் கல்லறையைக் கட்டிமுடித்தார். மேலே ஓட்டுக் கூரை, பளபளப்பான கருங்கல், பார்க்க வருகிறவர்கள் உட்கார ஒரு திண்டு, ஒரு மின்விளக்கு. பெயர் பொறிக்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். கொத்தனாரின் எழுத்துப்பிழைக்கு அவர் பயந்தார்.

கடைசிக் காலத்தில், மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படிக்க உடல்கள் போதவில்லை என்று யாரோ சொல்ல, லீலாபாய் தன் உடலை எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் இறந்த அன்று ஆம்புலன்ஸ் வந்தது. கல்லறை புதிதாகவே நின்றது.

உயிலில் வீடு தம்பி மகனுக்கு, நகை தேவாலயத்துக் கூரைக்கு என்று இருந்தது. கல்லறையும் அது நிற்கும் அரை சென்டும் ஜெஸ்லினுக்கு. காரணமும் எழுதியிருந்தார்: ‘என்னைப் பார்க்க வந்தவர்களில் வீட்டைச் சுற்றிப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துவிட்டுப் போனவள் அவள்தான்.’

ஜெஸ்லின் அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

“அத்தைக்கு எல்லாம் தெரியும்,” என்றாள். “வீடு தந்தா அண்ணன் பிணங்குவான். நகை தந்தா நீங்க வட்டிக்கடையில பணயம் வைப்பிய. இத மட்டும் ஒருத்தனும் கொண்டு போவ முடியாது.”

ராஜமணி மெல்லக் கேட்டார். “ஜெஸ்லினே, இத சங்கத்துல பறயணும்லா?”

“எதுக்கு? கடன் ஒங்களுக்கு. கல்லறை எனக்கு.”

“வீட்டுல தேங்கா விழுந்தாலும் சொல்லுவேண்ணு மாசாமாசம் கைய நீட்டிச் சொல்லுதேனே.”

“இது தேங்காயா? மிண்டாம இரிங்க.”

ராஜமணியால் மிண்டாமல் இருக்க முடியவில்லை. அவருக்குக் கோழிக் குழம்பு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலையில் மாடியேறிப் போய்ச் சொல்லிவிட்டார்.

சங்கத்தின் செயலாளர் ஷாஜி நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். லட்டு வந்தது அப்போதுதான்.

“சந்தோஷ வார்த்தையல்லே அண்ணா! சங்கத்தோட சரித்திரத்துல இதுவரைக்கும் ஒரு பயனாளியும் முன்னேறியதில்ல. அண்ணன்தான் முதல்.”

“சார், அது என்னோடது இல்ல. என் பெஞ்சாதிக்குக் கிட்டினது.”

“அதே! அண்ணா, ஒரு காரியம் பறயட்டே. கல்யாணம் கழிஞ்சா புருஷனும் பெஞ்சாதியும் ஒண்ணு. இந்தச் சட்டம் உண்டல்லோ, அது ரெண்டு பேரையும் பிரிக்கும். பெஞ்சாதியோட சொத்து வேற, புருஷனோட கடன் வேறண்ணு பறயும். சங்கம் ஒருநாளும் குடும்பத்தைப் பிரிக்காது.”

ராஜமணிக்கு ஒரு சின்ன நம்பிக்கை பிறந்தது. “அப்போ சார், என் கடனும் அவளும் ஒண்ணா? அவளுக்கும் தள்ளுபடி உண்டா?”

“அது இல்ல. ஐக்கியம் சொத்துல மாத்ரம்,” என்றார் ஷாஜி.

அன்று சாயங்காலமே கடிதம் வந்தது. பயனாளியின் இல்லத்தில் சொத்துயர்வு ஏற்பட்டிருப்பதால் அவருடைய ஏற்பாடு நிறுத்திவைக்கப்படுகிறது; மதிப்பீடு முடியும்வரை கடன் கொடுத்தவர்கள் அவரைத் தொடர்புகொள்ளத் தடையில்லை. அவர்கள் மறுநாளே தொடர்புகொண்டார்கள். ஆவணி, அதாவது சிங்ஙம் மாதத்துக் கல்யாண சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கி, அதை வைத்து அண்டாக்களுக்கு ஈயம் பூசியிருந்தார் ராஜமணி. அந்த அண்டாக்கள் ஏலத்துக்குப் போனால் கல்யாண வீட்டுக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல், ஈயம் மின்னும் அண்டாவுக்குள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெணத்துல போயி எட்டிப் பாருங்க. வாயத் தொறந்தவருக்கு அதான் சரி,” என்றாள் ஜெஸ்லின். ஆனாலும் மதிப்பீட்டுக்கு ஆள் வருகிற நாளில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு பாறசாலைக்குப் போனாள்.

மதிப்பீட்டாளர் பிரபின் இளைஞர், இஞ்சினியரிங் படித்தவர். சிவப்பு ஒளியில் தூரத்தை அளக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார். கல்லறையைச் சுற்றி வந்தார். ஓட்டைத் தட்டிப் பார்த்தார். விளக்கைப் போட்டு அணைத்தார்.

“கிழக்குப் பார்த்தது. கொள்ளாம், நல்லது,” என்று எழுதிக்கொண்டார். “ஆள் தாமசம், குடியிருப்பு உண்டோ?”

“இல்ல சார்,” என்றார் ராஜமணி.

“முன்னே இருந்தாங்களா?”

“அதும் இல்ல.”

“அப்போ புது நிர்மாணம். காலி. தகராறு செய்யற வாடகைக்காரன் இல்ல. அக்கம்பக்கம் எப்படி?”

ராஜமணி சுற்றிலும் பார்த்தார். ஜெஸ்லினின் தாத்தா, தாத்தாவின் தம்பி, இரண்டு பெரியப்பாக்கள், ஓர் உபதேசியார் என்று எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள்.

“சத்தம் ஒண்ணும் கிடையாது,” என்றார்.

‘அமைதியான சூழல், நிரந்தரக் குடியிருப்பாளர்கள்’ என்று பிரபின் எழுதினார். பிறகு கணக்குப் போட்டுச் சொத்துக்கு ஒரு விலையை எழுதி, மாத வாடகை ஒன்றையும் சொன்னார். அது ராஜமணி குடியிருக்கும் வீட்டு வாடகையைவிடக் கொஞ்சம் கூடுதல்.

“இத வாடகைக்கு யாரு சார் எடுப்பா?” என்று கேட்டாள் ஜெஸ்லின்.

“யாரும் எடுக்க வேண்டா சேச்சி. எடுத்தா எவ்வளவு கிடைக்கும்ணு ஒரு மதிப்பு. ஆள் வரணும்ணு இல்ல, வாடகை வந்தா மதி, அது போதும்.”

“ஆள் வராம வாடகை எங்கேருந்து வரும்?”

“அண்ணனோட கையிலேருந்து,” என்று பிரபின் பொறுமையாக விளக்கினார்.

கடைசியாக ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. பயனாளியின் குடும்பம் சொத்தை அனுபவிப்பதற்கான ஆதாரம். ராஜமணி கல்லறைக்குப் பக்கத்தில் நின்றார். போதாது. சாய்ந்து நின்றார். அதுவும் போதவில்லை. நிலத்துக்குப் பக்கத்தில் நிற்பவனெல்லாம் நிலத்தை அனுபவிக்கிறவனா என்று மேலே கேட்பார்களாம். வேறு வழியில்லாமல் ராஜமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கருங்கல்மேல் ஏறி மல்லாந்து படுத்தார். வெயிலில் வெந்திருந்த முதுகுக்குக் கல் குளுகுளுவென்று இருந்தது. அறியாமல் கண்ணை மூடினார்.

“சூப்பர்,” என்றார் பிரபின்.

“எந்திரிங்க,” என்றாள் ஜெஸ்லின். அவள் குரல் சரியாக இல்லை. “போதும், எந்திரிங்க.”

இரண்டு வாரத்தில் மதிப்பீட்டு அறிக்கையின் நகல் வந்தது. அதில் ராஜமணி கண்ணை மூடிப் படுத்திருக்கும் படம். கீழே ‘பயனாளி சொத்தில் வசிக்கிறார்’ என்று ஒரு வரி. அந்த வரியிலிருந்து மற்றதெல்லாம் தானாகவே நடந்தது. மனைவி வழியில் சொந்த வசிப்பிடம் இருப்பதால் அவருக்கு வாடகை வீடு தேவையில்லை. ஆகவே அவருடைய மாதச் செலவிலிருந்து வீட்டு வாடகை நீக்கப்பட்டது. நீக்கிய தொகையைத் தவணையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதோடு, கல்லறையை வாடகைக்கு விட்டால் வரக்கூடிய தொகையையும் கட்ட வேண்டும்.

“அங்க நான் தாமசிச்சா வாடகைக்கு எப்படி விட முடியும்?” என்று ராஜமணி ஷாஜியிடம் கேட்டார்.

“அது ரெண்டும் ரெண்டு செக்‌ஷன், அண்ணா. ஒரு செக்‌ஷன் செய்யறது மற்ற செக்‌ஷனுக்குத் தெரியக் கூடாது. அதாக்கும் எங்களோட சுத்தம்.”

ஆட்சேபணை இருந்தால் நிர்வாகக் குழுவிடம் சொல்லலாம் என்றார்கள். குழு கூடிய அன்று கணவனும் மனைவியும் போனார்கள். நடுவில் தலைவர் திரவியம் உட்கார்ந்திருந்தார். அவர் சாலையில் மொத்தப் பலசரக்கு வியாபாரி. ஐந்து வருஷமாகச் சங்கத் தலைவர். பதவிக்காலம் அந்த வருஷத்தோடு முடிகிறது. இரண்டாம் முறையும் நிற்க ஆசை.

“இரும், ராஜமணி. அம்மாவும் இரிக்கட்டும்,” என்று தொடங்கினார் திரவியம். “நான் ஒண்ணு சொல்லுதேன், கேளும். இந்தச் சங்கம் ஏழையோட நிக்கும். ஏழை ஏழையா இருக்குற காலம் மட்டும் நிக்கும். அவன் ஒரு படி ஏறிப்போனாம்னா, பிறகு நாங்க எங்க போய் நிக்கிறது? எங்களையும் நெனச்சுப் பாக்கணும்லா?”

“எங்களக் கல்லறைக்குள்ள குடியேறச் சொல்லுதியளா?” என்று கேட்டாள் ஜெஸ்லின்.

“சேச்சே. குடியேறணும்னு சங்கம் சொல்லல. குடியேற முடியும்னுதான் சொல்லுது.”

குழு உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒருவர் தண்ணீர் வசதி உண்டா என்று அக்கறையோடு விசாரித்தார்.

ஜெஸ்லின் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடையில் முப்பது சேலையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்திருப்பவர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். அவர்களிடம்கூட அவளுக்கு இவ்வளவு அலுப்பு வந்ததில்லை.

“சார், அந்தக் கல்லறைக்கு உங்க ஆளு ஒரு விலை போட்டாரே, அது சரியான விலைதானே?”

“எங்க மதிப்பீட்டுல தப்பு வராதும்மா.”

“அவரு கட்ட வேண்டிய பாக்கி அதைவிடக் குறவு. நீங்களே எடுத்துக்கிடுங்க. நான் எழுதித் தாரேன். அவரோட கணக்கத் தீருங்க.”

ஷாஜி தலைவரைப் பார்த்தார். தலைவர் மதிப்பீட்டைப் பார்த்தார். விலை கூடுதல் என்று சொன்னால் மதிப்பீடு தப்பாகிவிடும். தவிர, தொடங்கிய நாளிலிருந்து சங்கத்தின் பெயரில் ஒரு சதுர அடி நிலம்கூடக் கிடையாது. ஆண்டறிக்கையில் ‘அசையாச் சொத்து’ என்ற இடத்தில் ஒவ்வொரு வருஷமும் ஒரு கோடு மட்டும் போட்டுவந்தார்கள். தேர்தல் வருஷத்தில் அங்கே ஒன்றை எழுதலாம் என்பது திரவியத்துக்கு உறைத்தது.

“சங்கத்தின் முதல் சொத்து!” என்று எழுந்து நின்றார். “விழாவா எடுக்கணும்.”

பத்திரப் பதிவுக்கு நாள் ஆகும். முதலில் கையேற்பு விழா, பிறகு பதிவு என்று முடிவானது. கடன்காரர்களும் அடங்கினார்கள்.

திரும்பி வரும்போது ஜெஸ்லின் நடைபாதையில் முன்னால் நடந்தாள். ராஜமணி பின்னால் வந்தார். கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக் கூட்டத்தில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதைப் பார்த்தார்.

“வேண்டாம், ஜெஸ்லினே. அண்டா போனா போட்டும். நாளைக்கே போயி வேண்டாம்னு சொல்லுதேன்.”

“நீங்க இனி ஒண்ணும் எங்கயும் போயிச் சொல்ல வேண்டாம்,” என்றாள். “அத்தை எனக்குத் தந்ததுலயே அது ஒண்ணுதான் மிச்சம். அவங்க என்னை நினைச்சு வச்சிருந்தாங்கன்னு காட்டுறதுக்கு எனக்கு வேற ஒண்ணும் இல்ல.”

கடன் வாங்கிய நாளில்கூட ராஜமணி தன்னை இவ்வளவு சிறியவனாக உணர்ந்ததில்லை.

கையேற்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. செண்டை மேளம் இருந்தது. சங்கச் சொத்துகளில் வைக்கும் அறிவிப்புப் பலகையில் தலைவரின் படம், பெயர், பதவிக்காலம் மூன்றும் இருக்க வேண்டும் என்று விதி. இதுவரை சொத்து இல்லாததால் விதிக்கு வேலை இருந்ததில்லை. ஷாஜி விதியை ஓர் எழுத்து விடாமல் நிறைவேற்றினார். கல்லறையின் தலைப்பக்கத்தில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ். அதில் திரவியம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ‘திரு. திரவியம்’ என்று பெயர். அதற்கும் கீழே ‘2020 – 2025’. மகளிர் அணியினர் படத்துக்கு ரோஜா மாலை போட்டார்கள். சாயங்காலமாகிவிட்டதால் விளக்கையும் ஏற்றினார்கள்.

யாரோ ஒருவர் படம் எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல், சாலை வியாபாரிகளின் வாட்ஸாப் குழுவில் போட்டார்.

மறுநாள் காலையில் ராஜமணி கடையைத் திறந்துகொண்டிருந்தபோது வியாபாரிகள் சங்கத்திலிருந்து போன் வந்தது. இருநூறு நாற்காலியும் ஒரு பந்தலும் உடனே திரவியத்தின் வீட்டுக்குப் போக வேண்டும்.

“என்ன விசேஷம்?”

“அறியலியா? தலைவரு போயிட்டாரு.”

“நேத்து சாயங்காலம் உயிரோடதான இருந்தாரு?”

“நேத்து சாயங்காலம் எல்லாரும் உயிரோடதான் இருப்பா, ராஜமணி,” என்றது போன். “கல்லறப் படம் கண்டோம். நாற்காலிய விடும்.”

ராஜமணி குழம்பினார். சாவு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சாலையில் கடைகள் பாதிக் கதவை இறக்கியிருந்தன. அவர் சின்ன லாரியில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு போனார். திரவியத்தின் வீட்டு முற்றத்தில் இறக்கிப் பாதியை விரித்துப் போட்டுவிட்டபோது, உள்ளே இருந்து லுங்கியும் பல் தேய்க்கும் பிரஷுமாகத் திரவியமே வெளியே வந்தார்.

“என்னத்துக்குவே இவ்வளவு நாற்காலி?”

ராஜமணி கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தார். “ஒங்களுக்குத்தான், சார்.”

அவர் விளக்கம் சொல்வதற்குள் மலர்வளையத்தோடு முதல் கார் வந்து நின்றது. அன்று முழுவதும் திரவியம் தன் துக்கத்துக்கு வந்தவர்களைத் தானே வரவேற்றார். சிலர் அவரைக் கண்டு திரும்பிப் போனார்கள். சிலர், வந்ததுதான் வந்தோம் என்று உட்கார்ந்து அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை தேடினார்கள். போனில் அழைத்த ஒருவர், “குரல் அப்படியே அண்ணனப் போலயே இருக்கு. நீங்க தம்பியா?” என்று கேட்டு அழுதார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் திரவியத்தின் மனைவியைத் தனியாகப் பார்க்க விரும்பினார்.

சாயங்காலம் திரவியம் சங்கத்துக்குப் பாய்ந்து போனார். கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. மாடியில் இரங்கல் தீர்மானம் டைப் ஆகிக்கொண்டிருந்தது.

“ஷாஜி! அந்தக் கல்லற எனக்கு வேண்டாம். சங்கத்துக்கும் வேண்டாம். இப்பமே திருப்பிக் குடுத்து ஒரு தீர்மானம் எழுதும். நான் ஒப்பு போடுதேன்.”

ஷாஜி எழுந்து நின்றார். மரியாதை குறையவில்லை. “சார் ஒப்பிட முடியாது.”

“ஏன்?”

“சார் மரணமடைஞ்ச விவரம் ஃபைல்ல கேறிப்போச்சு. சகல மெம்பர்களும் காலையிலேயே எழுந்து நின்னு மௌனம் அனுஷ்டிச்சாச்சு.”

“நான் உம்ம முன்னால நிக்கேன்வே!”

“எனக்குத் தெரியும் சார். ஃபைலுக்குத் தெரியாதல்லோ.” ஷாஜியின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “உயிரோட இருக்குறதா வில்லேஜ் ஆபீசர்கிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்தா மதி. சார் போட்ட விதிதான். பயனாளி யாரும் செத்துப்போயி ஏமாத்தக் கூடாதுன்னு.”

வில்லேஜ் ஆபீசர் இரண்டு சாட்சிகள் கேட்டார். குழு உறுப்பினர்கள் யாரும் முன்வரவில்லை. மௌனம் அனுஷ்டித்தவர்கள் இப்போது மாற்றிச் சொன்னால் கூட்டுறவுத் துறை கேள்வி கேட்கும். தவிர, காலியான நாற்காலிமேல் இரண்டு பேருக்குக் கண் விழுந்திருந்தது. முதல் சாட்சியாகத் திரவியத்தின் கடைக் கணக்கர் வந்தார். இரண்டாவது ஆளைத் தேடி, மறுநாள் காலை திரவியம் பாத்திரக் கடை வாசலில் வந்து நின்றார்.

“ராஜமணி, நீரு என்னை நேருல கண்டீருல்லா? பிரஷோட வந்தேனே.”

“கண்டேன், சார்.”

“அத எழுதித் தரணும்.”

ராஜமணி பேனாவை எடுத்தார். ஜவுளிக்கடைக்குப் போகும் வழியில் மதியச் சோறு கொண்டுவந்திருந்த ஜெஸ்லின், தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, “கொஞ்சம் பொறுங்க,” என்றாள். “கேட்டியளா, எழுதிக் கையொப்பம் போடுதது சின்னக் காரியம் இல்ல. பரிசோதிச்சுப் போடணும். அந்தக் கல்லுமேல ஒரு படம் வேண்டாமா?”

திரவியத்தின் முகம் வெளிறியது. “அம்மா, என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம். என் அத்தை எனக்குத் தந்தது எனக்கு வேணும். அவரோட ஏற்பாடு பழையபடி நடக்கணும். கட்ட வேண்டியத அவரு கட்டுவாரு.”

“இன்னைக்கே. இப்பமே. அந்தக் கல்லறைக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லன்னு நாலு பேரு படிக்கிற மாதிரி எழுதித் தாரேன்.”

ராஜமணி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். திரவியம் உயிரோடிருப்பது அன்று பிற்பகல் முதல் அமலுக்கு வந்தது.

சங்கம் அவசரமாகக் கூடி ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மனைவி பரம்பரையாகப் பெறும் சொத்து மனைவிக்கே உரியது. அதற்கும் கணவனின் கடன் ஏற்பாட்டுக்கும் எக்காலத்திலும் தொடர்பு இருந்ததில்லை. மேற்படி கல்லறைமேல் சங்கத்துக்கோ தலைவருக்கோ பயனாளியான கணவருக்கோ இப்போதும் இனிமேலும் எந்த உரிமையும் கிடையாது. இப்படியொரு முற்போக்கான தீர்மானத்தை நாட்டிலேயே முதலில் நிறைவேற்றியது இந்தச் சங்கம்தான் என்று திரவியம் பேசினார். பெண்களின் சொத்துரிமைக்காகத் தான் உயிரையே பணயம் வைத்ததாகவும் சொன்னார். அதில் ஓரளவு உண்மை இருந்ததால் எல்லோரும் கை தட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள்.

தவணை பழைய தவணையானது. வீட்டு வாடகை திரும்பவும் செலவில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைக் கல்யாணத்துக்கு அண்டாக்கள் போய், பாயசம் ஒட்டிய உருளியோடு நல்லபடியாகத் திரும்பி வந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜமணியும் ஜெஸ்லினும் பாறசாலைக்குப் போனார்கள். ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினார்கள். வாடிய மாலையைக் கூட்டித் தள்ளினார்கள். ஜெஸ்லின் கருங்கல்லைக் கழுவித் துடைத்தாள். வேலை முடிந்து இருவரும் திண்டில் உட்கார்ந்தபோது மழை தூறத் தொடங்கியது. ஓட்டுக் கூரை ஒழுகவில்லை. லீலாபாய் கூடவே நின்று கட்டியது.

ராஜமணி கல்லறையை நீளவாக்கில் பார்த்தார், அகலவாக்கில் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஜெஸ்லினே, கொஞ்சம் ஒதுங்கிக் கிடந்தா இதுல ரெண்டு பேருக்கு எடம் உண்டும்லா?”

ஜெஸ்லின் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “தீர்மானத்தைப் படிச்சியளா? கணவருக்கு இப்போதும் இனிமேலும் உரிமை இல்லண்ணு இருக்கு. ஏகமனதா.”

“அப்போ நான் எங்க போவேன்?”

“எனக்குத் தெரியாது. எழுதித் தாங்க. ஆலோசிக்கிறேன்.”

ராஜமணிக்கு அவள் விளையாடுகிறாளா, வாய்விட்டதற்கு இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாளா என்று தெரியவில்லை. மேலே கேட்கவும் பயமாக இருந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பின்னால் நடந்தார்.

மழை வலுத்தது. ஜங்ஷனில் திருவனந்தபுரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே நல்ல கூட்டம். ஜெஸ்லின் முன்வாசல் வழியாக ஓடி ஏறிவிட்டாள். ராஜமணி சுருட்டிய ஃபிளெக்ஸும் கையுமாகப் பின்வாசலில் தொற்றி, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஆட்களுக்கு நடுவே முன்னேறினார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டிருந்த ஒருவர் பக்கத்து இடத்தைக் காட்டி ஏதோ கேட்க, அவள் அதன்மேல் வைத்திருந்த கைப்பையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஆள் உண்டு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.